சென்னையில் ஒரு மரபணு ஆலோசனைப் பிரிவு: எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த சேவை பற்றி

சின்ன வயதிலேயே ஒருவருக்குக் கிட்னியில் கட்டி என்று தெரிந்தால், "ஒரு ஜெனடிக் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுங்க" என்று டாக்டர்கள் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. டெஸ்ட் எடுத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் லேப் இருக்கிறது. வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து சொல்லும் இடம்தான் குறைவு. அப்படி ஒரு இடத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போய்வந்தோம். சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் மரபணு ஆலோசனைப் பிரிவு அது. குறைகளும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. எந்த ஊரில் இப்படி ஒரு பிரிவுக்குப் போனாலும் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் திண்டுக்கல்லில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நோய் என் தம்பிக்கு. வயது 33. வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்ததில் இரண்டு கிட்னியிலும் கட்டி தெரிந்தது. இடது பக்கம் 3.4 செ.மீ., வலது பக்கம் 1.8. ஊரில் பார்த்த டாக்டர், இடது கிட்னியை முழுசாக எடுத்துவிடலாம் என்றார். கூடவே, ஒரு லேபில் ரத்தம் கொடுத்து மரபணு டெஸ்ட்டும் எடுக்கச் சொன்னார். அந்த ரிப்போர்ட் "நோய் உண்டாக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று வந்தது. பரம்பரை இல்லை என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். சென்னையில் இரண்டாவது கருத்து கேட்கப் போன யூராலஜி டாக்டர்தான், "இந்த வயசுல, ரெண்டு பக்கமும் கட்டி. நெகட்டிவ்னு வந்தாலும் ஒரு தடவை ஜெனடிக் கவுன்சிலரைப் பாருங்க" என்று மேல் மாடிக்கு அனுப்பினார்.

முதல் சந்திப்பில் ரத்தம் எடுக்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேச்சுதான். ஜெனடிக் கவுன்சிலர் ஒரு பெண், முப்பதுக்குள் வயது இருக்கும். பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, பென்சிலால் எங்கள் வம்சத்தை வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்பா எப்படி இறந்தார், எத்தனை வயதில், அதற்கு முன் என்ன தொந்தரவு இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா 41 வயதில் மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு போய்விட்டார். "கண்ணு ஏதாச்சும்?" என்று அவர் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அதை யாரும் நோய்க்கணக்கில் சேர்த்ததே இல்லை. அப்பாவின் அப்பாவும் இளவயதில், தீராத தலைவலியோடு இருந்து செத்தவர்.

கவுன்சிலர் அப்பாவின் சதுரத்தை நான்காகப் பிரித்து, கண்ணுக்கு ஒரு கால் பாகம், மூளைக்கு ஒரு கால் பாகம் என்று கறுப்பாக்கினார். தம்பியின் சதுரத்தில் கிட்னிக்கு ஒரு பாகம். பிறகு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கண், மூளை, கிட்னி மூன்றையும் ஒரே மரபணுவே பிடிக்க முடியும், அதன் பெயர் வி.எச்.எல். என்றார். வான் ஹிப்பெல் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1904-ல் விழித்திரைக் கட்டிகளைப் பற்றி எழுதினார். 1926-ல் லிண்டாவ் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் அதையும் மூளைக் கட்டியையும் இணைத்துக் காட்டினார். அந்த இருவர் பெயரில்தான் நோய். மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1993-ல். சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கும் என்கிறார்கள்.

"அப்போ நெகட்டிவ்னு வந்த ரிப்போர்ட்?" என்று தம்பி கேட்டான். இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பொடி எழுத்தில், இந்த டெஸ்ட் பெரிய அளவிலான நீக்கங்களைக் கண்டுபிடிக்காது என்று ஒரு வரி இருந்தது. அதைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். என் வேலையை வைத்தே புரியும்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: ஒரே கணக்குக்கு இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்றில் ஒரு பக்கமே கிழிந்துபோயிருக்கிறது. எழுத்துப்பிழை மட்டும் தேடுபவர், மிச்சமிருக்கும் நல்ல நோட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு "பிழை இல்லை" என்றுதான் எழுதுவார். வி.எச்.எல். குடும்பங்களில் ஒரு கணிசமான பங்கினருக்கு மாற்றம் இப்படிப் பக்கம் கிழிந்த வகையில்தான் இருக்கும். அதை எண்ணிப் பார்க்க எம்.எல்.பி.ஏ. என்று தனி டெஸ்ட் உண்டு.

அதை எடுத்தோம். வி.எச்.எல். மரபணுவில் எக்ஸான் என்று சொல்லும் துண்டுகள் மூன்று. தம்பிக்கு ஒரு பிரதியில் மூன்றாவது எக்ஸான் இல்லை.

எனவே, கிட்னி சம்பந்தமாக மரபணு டெஸ்ட் எடுப்பவர்கள் லேபிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மரபணு பார்க்கிறீர்கள் என்பதல்ல. நீக்கம், இரட்டிப்பு இரண்டையும் பார்ப்பீர்களா என்பதுதான். முதல் லேபில் அதைச் சொல்ல ஆளே இல்லை. பணம் வாங்கிய இடத்தில் ஒரு பையன், ரத்தம் எடுத்த இடத்தில் ஒரு நர்ஸ், ரிப்போர்ட் மெயிலில். அவ்வளவுதான்.

ரிசல்ட் சொன்ன சந்திப்பில் அம்மா ரொம்ப நேரம் பேசாமலே இருந்தார். கடைசியில், "நான் அத்தை மகனைக் கட்டிக்கிட்டேன். சொந்தத்துல முடிச்சதாலதான் பிள்ளைக்கு இப்படியாம்மா?" என்று கேட்டார். இத்தனை நாளாக மனதில் இருந்த கேள்வி அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கவுன்சிலர் அவசரப்படாமல் பதில் சொன்னார். "இல்லம்மா. சொந்தத்துல கல்யாணம் பண்ணா வர்ற நோய்கள் வேற. அதுக்கு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியும் கெட்டிருக்கணும். இது ஒரு பிரதி போதும். நீங்க அசல்ல யாரைக் கட்டியிருந்தாலும், உங்க வீட்டுக்காரரோட ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நாங்கள் கட்டிய மொத்தப் பணமும் அந்த ஒரு பதிலுக்கே சரியாகப் போனது என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு பிரதி கெட்டால் கட்டி எப்படி வருகிறது என்பதையும் படம் போட்டு விளக்கினார். வி.எச்.எல். செய்து தரும் புரதத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. செல்லுக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கும்போது, ஹிஃப் என்ற இன்னொரு புரதத்தை அது அழித்துக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் ஹிஃப் தேங்கிவிடும். செல் தனக்கு மூச்சு முட்டுகிறது என்றே நினைத்துக்கொண்டு, புது ரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லி ஓயாமல் சைகை கொடுக்கும். இந்த ஆக்சிஜன் கணக்கைக் கண்டுபிடித்ததற்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. தம்பியின் உடம்பில் எல்லாச் செல்லிலும் ஒரு பிரதி ஏற்கெனவே போய்விட்டது. கிட்னியில் ஏதோ ஒரு செல்லில் மிச்சமிருக்கும் நல்ல பிரதியும் போனால், அங்கே ஒரு கட்டி துளிர்க்கும். அதனால்தான் இந்த நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும், பல இடங்களில், சின்ன வயதிலேயே வருகிறது. 60 வயதுக்குள் 70 சதவீதம் பேர் வரைக்கும் கிட்னிப் புற்றுநோய் வரலாம். ஒரே கிட்னிக்குள் கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் 600 வரை இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

600 என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் தம்பியின் சிகிச்சை நல்ல பக்கம் திரும்பியதும் அந்த விஷயத்தால்தான். இருப்பது எல்லாவற்றையும் வெட்டி எடுப்பது என்று இறங்கினால், கிட்னியே மிஞ்சாது, டயாலிசிஸ்தான். அதனால் பெரிய கட்டி 3 செ.மீ. தொடும்வரை ஸ்கேனில் கண்காணித்து, தொட்டதும் கட்டிகளை மட்டும் எடுத்துக் கிட்னியைக் காப்பாற்றுவது என்று ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள். இதுவும் அதே அமெரிக்க நிறுவனத்தில், லைன்ஹன் என்ற டாக்டரின் குழு வளர்த்தெடுத்தது. 3 செ.மீ.க்கும் கீழே கட்டி இருந்த 108 வி.எச்.எல். நோயாளிகளில் ஒருவருக்குக்கூட வேறு இடத்துக்குப் பரவவில்லை. அதைவிடப் பெரிதாக இருந்த 73 பேரில் 20 பேருக்குப் பரவியிருந்தது. 2004-ல் வந்த கணக்கு இது. கவுன்சிலர் இந்த எண்களை எழுதியே கொடுத்தார். யூராலஜி டாக்டரோடு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். இடது பக்கம் கட்டியை மட்டும் எடுப்பது, வலது பக்கத்தை விட்டுவைத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஊரில் முழுசாக எடுத்துவிடலாம் என்ற கிட்னி இப்போதும் தம்பிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் இந்த 3 செ.மீ. கணக்கை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. எந்த மரபணு என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். நோய் எப்படிப் போகும் என்பது ஸ்கேனில் தெரியும் அளவை மட்டும் வைத்து முடிவாவதில்லை. எஃப்.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்கு இளவயதிலேயே கர்ப்பப்பையில் நிறைய நார்க்கட்டிகள் வரும், தோலில் வலிக்கும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவர்களுக்குக் கிட்னியில் கட்டி வந்தால் 1 செ.மீ. என்றாலும் காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் பரவும். எஃப்.எல்.சி.என். மரபணுவில் வரும் பர்ட்-ஹாக்-டூபே நோயில் முகத்தில் வெள்ளைப் பருக்கள், நுரையீரலில் காற்றுப்பை போன்ற குழிகள், திடீரென்று நுரையீரல் சுருங்குவது எல்லாம் வரும். கிட்னிக் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும், அங்கே 3 செ.மீ. கணக்கு பொருந்தும். மெட் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தாலும் அதே 3 செ.மீ. கணக்குதான். பி.ஏ.பி.1 என்ற மரபணுவில் மாற்றத்தோடு பிறந்தவர்களுக்குக் கிட்னியோடு கண், தோல், நுரையீரல் உறை என்று வேறு இடங்களையும் கவனிக்க வேண்டும். கட்டியும் முரட்டுத்தனமாகப் போகக்கூடியது. ஒரே வி.எச்.எல்.லுக்குள்ளேயே கூட வித்தியாசம் உண்டு. மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறிய சில குடும்பங்களில் கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டிதான் பெரிய தொல்லை. தம்பிக்கு இருப்பது போலத் துண்டே காணாமல் போனால் அது குறைவு, கிட்னி ஆபத்து அதிகம். "கிட்னி கேன்சர் பரம்பரையா வருமா?" என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

சித்தப்பா மகன் எங்களுக்கு முன்பே, ஆன்லைனில் எச்சில் கிட் ஒன்று வாங்கி டெஸ்ட் எடுத்திருந்தான். அதில் கிட்னிப் புற்றுநோய்க்குப் பச்சை நிறத்தில் "சராசரி ஆபத்து" என்று போட்டிருந்தது. அதை நம்பி, தனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தான். கவுன்சிலரிடம் போனில் காட்டினோம். இந்த கிட் பார்ப்பது வேறு விஷயம் என்றார். ஜனங்களிடம் பரவலாக இருக்கும் சின்ன மாற்றங்கள் உண்டு. 2024-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் கிட்னிப் புற்றுநோயாளிகள் சுமார் 29,000 பேரின் டி.என்.ஏ.வை மற்றவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டு, இப்படி 63 இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சமாகத்தான் கூட்டும் அல்லது குறைக்கும். புகைபிடிப்பது, உடல் பருமன், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சங்கதி. அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் வீட்டில் ஓடும் அந்த ஒரு பெரிய மாற்றத்தை அந்த கிட் தேடவே இல்லை. அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. குடும்பத்தில் யாருக்காவது கிட்னிக் கட்டி இருந்தால் தயவுசெய்து எச்சில் கிட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பெரிய பேனல் டெஸ்ட்டில் தம்பிக்கு இன்னொரு மரபணுவில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று ஒன்றும் வந்திருந்தது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், மற்றவர்களுக்கு அதை டெஸ்ட் பண்ணவும் வேண்டாம் என்றார் கவுன்சிலர். நம் ஊர்க்காரர்களின் டி.என்.ஏ. தகவல் உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால், நமக்குச் சாதாரணமான மாற்றம்கூட இப்படிப் புதிர் போலத் தெரியும். இந்திய அரசின் இண்டிஜென் திட்டம் 1,029 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி வருகிறதாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போன் பண்ணி, மறுபரிசீலனை ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

குடும்பத்தில் ஒருவருக்கு மாற்றம் தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு பேனலில் ஒரு சிறு பங்குதான் ஆனது. எனக்கு இல்லை என்று வந்தது. அதனால் என் மகளுக்கு டெஸ்ட்டே வேண்டாம். சந்தோஷப்பட வேண்டிய சேதி, ஆனால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சந்தோஷப்படுவது? கவுன்சிலர் அதைக் கவனித்து, அவன் வெளியே போன பிறகு என்னிடம் தனியாக இரண்டு நிமிஷம் பேசினார். தம்பி மகளுக்கு ஏழு வயது. சில பரம்பரை நோய்களுக்குப் பிள்ளை பெரியவளாகும்வரை டெஸ்ட்டைத் தள்ளிவைப்பார்களாம். வி.எச்.எல். அப்படி இல்லை, கண் பரிசோதனை முதல் வயதிலிருந்தே தொடங்க வேண்டியது, 11 வயதில் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ., 15 வயதில் வயிற்றுக்கு. அதனால் குழந்தைக்கும் எடுத்தோம். அவளுக்கு இருக்கிறது. கண் டாக்டர் பார்த்து, இதுவரை ஒன்றும் இல்லை என்றிருக்கிறார். அவள் பிறந்த தலைமுறைக்கு ஒரு வழி கூடுதலாகத் திறந்திருக்கிறது. ஹிஃப் புரதத்தில் ஒரு வகையைத் தடுக்கும் பெல்சுடிஃபன் என்ற மாத்திரைக்கு, வி.எச்.எல். கட்டிகளுக்காக 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 61 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிட்னிக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியிருக்கிறது.

சரி, குறைகள். முதல் குறை பெரியது. எம்.எல்.பி.ஏ. ரிசல்ட் சந்திப்புக்கு முன்பே வாட்ஸ்அப்பில் லிங்க்காக வந்துவிட்டது. தம்பி அதை பஸ்ஸில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில், தனியாகப் படித்திருக்கிறான். ஆலோசனைப் பிரிவின் கைக்கு வருவதற்குள் மருத்துவமனை கம்ப்யூட்டர் தானாக அனுப்பிவிடுகிறதாம். இப்படி ஒரு சேதியை ஆள் இல்லாமல் அனுப்புவது தவறு. நீங்கள் போனால், ரிசல்ட்டை நேரில் மட்டுமே தர வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, கீழே பில் போடும் இடத்தில் மரபணு ஆலோசனை என்றால் யாருக்கும் தெரியவில்லை. குழந்தையின்மைப் பிரிவுக்கு அனுப்பி அலைய விட்டார்கள். கவுன்சிலர் வாரத்தில் சில நாள் மட்டும்தான் இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் போனில் உறுதி பண்ணாமல் கிளம்ப வேண்டாம். வீடியோ காலிலும் பேசுகிறார்கள், ஆனால் முதல் சந்திப்புக்கு வீட்டில் மூத்தவர் ஒருவரை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அம்மா வராமல் இருந்திருந்தால் அப்பாவின் கண் விஷயம் அந்தத் தாளில் ஏறியிருக்காது.

மூன்றாவது, எல்லாமே ஆங்கிலத்தில். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு குடும்பக் கடிதம் தருகிறார்கள். இன்ன மரபணுவில் இன்ன மாற்றம், உங்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு, விரும்பினால் டெஸ்ட் எடுக்கலாம் என்று. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கடிதத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நான் கேட்டதும் கவுன்சிலர் தன் கையாலேயே அரைப் பக்கம் தமிழில் எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார். சித்தப்பா அதைப் படித்துவிட்டு, இந்த வயதுக்கு மேல் எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கவுன்சிலரிடம் சொன்னபோது, "அது அவரோட உரிமை, வற்புறுத்தாதீங்க. மகன் அப்பாவைக் கேக்காமலே தானா எடுத்துக்கலாம்" என்றார். சித்தப்பா மகன் இப்போது அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறான்.

யார் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: 46 வயதுக்குள் கிட்னிப் புற்றுநோய் வந்தவர்கள், இரண்டு பக்கமோ ஒரே கிட்னியில் பல இடத்திலோ கட்டி உள்ளவர்கள், ரத்த சொந்தத்தில் இன்னொருவருக்கும் கிட்னிப் புற்றுநோய் இருப்பவர்கள். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இவர்களுக்கு ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது. டெஸ்ட் முதலில் நோய் வந்தவருக்கு எடுக்க வேண்டும். நோய் இல்லாத தங்கையோ பிள்ளையோ முதலில் எடுத்து நெகட்டிவ் வந்தால் அதற்குப் பெரிதாக அர்த்தமில்லை. கட்டியை எடுத்துச் செய்யும் மரபணு டெஸ்ட் வேறு, ரத்தத்தில் செய்வது வேறு. பரம்பரையாக வராத கிட்னிப் புற்றுநோய்க் கட்டிகளிலும் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். கெட்டுத்தான் இருக்கும், கட்டி ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வீடே பயப்பட வேண்டியதில்லை. பழைய ஸ்கேன் பிலிம், இறந்தவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரி, கண்ணாஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குடும்பக் கடிதத்தைத் தமிழில் கேளுங்கள்.